வேலையும் வழிபாடும் வீட்டு மனிதர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழுநேர வேலையில் இருந்துகொண்டு, நம்பிக்கையையும் விடாமல், வீட்டு மனிதர்களையும் விடாமல் நாளை ஓட்டுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. எந்த மதம் என்று பிரிக்கவில்லை, ஏனென்றால் கேள்வி எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பதில்களில் என் சாய்வு தெரியும். ஒத்துவந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

மூன்றையும் சமமாகக் கொண்டுபோக முடியுமா?

முடியாது. சமமாகக் கொண்டுபோக வேண்டிய அவசியமும் இல்லை.

வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கத்துக்கு 56 போனால் மீதி 112. வேலைக்கும் போக்குவரத்துக்கும் சேர்த்து 60 என்று தாராளமாக வைத்தாலும் 52 மணி நேரம் நிற்கிறது. குளியல், சமையல், துணி துவைப்பது, கடைக்குப் போவது, பில் கட்டுவது எல்லாம் கழித்தாலும் கையில் கொஞ்சம் தேறத்தான் செய்யும். ஆனாலும் யாரைக் கேட்டாலும் நேரமே இல்லை என்கிறார்கள், அவர்கள் பொய்யும் சொல்லவில்லை. தேறுகிற நேரம் இங்கே பத்து நிமிடம், அங்கே அரைமணி என்று சிதறிக் கிடக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், உங்களுக்குக் கிடைக்கிற அரைமணியும் உங்கள் துணைக்குக் கிடைக்கிற அரைமணியும் ஒரே அரைமணியாக வருவதில்லை. நீங்கள் லேப்டாப்பை மூடும்போது அவர் பாத்திரம் தேய்க்கிறார், அவர் வந்து உட்காரும்போது உங்களுக்குத் தூக்கம் சொக்குகிறது.

ஆக, மொத்த மணிக்கணக்கைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுவதில் பிரயோஜனம் இல்லை. இன்னொருவரோடு சேர்ந்து அமைகிற நேரம் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்கிற எல்லாமே ஏதோ ஒரு வகையில் அதைப் பற்றித்தான்.

சேர்ந்து அமைகிற நேரத்துக்கு ஏன் இவ்வளவு அழுத்தம்? எனக்குக் கிடைக்கிறபோது நான் கும்பிட்டுக்கொள்கிறேன், முடிகிறபோது பேசிக்கொள்கிறோம், போதாதா?

இதை ஒரு நாடே செய்து பார்த்திருக்கிறது. 1929இல் சோவியத் ஒன்றியத்தில், தொழிற்சாலை இயந்திரங்கள் ஒருநாளும் நிற்கக் கூடாது என்பதற்காக, ஏழு நாள் வாரத்தை ஓரங்கட்டிவிட்டு ஐந்து நாள் சுற்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். தொழிலாளர்களை ஐந்து பிரிவாக்கி, பிரிவுக்கு ஒரு நிறம் கொடுத்து, ஒவ்வொரு நிறத்துக்கும் வெவ்வேறு நாளில் விடுமுறை. நான்கு நாள் வேலை, ஐந்தாவது நாள் ஓய்வு. கணக்குப்படி பார்த்தால் லாபம்தான், ஏழுக்கு ஒன்றாக இருந்த ஓய்வு ஐந்துக்கு ஒன்றாகிவிட்டது. ஆனால் கணவனுக்கு ஒரு நிறம், மனைவிக்கு வேறு நிறம் என்றால் இருவரும் சேர்ந்து வீட்டில் இருக்கிற நாளே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை என்று பொதுவாக ஒன்று இல்லாததால் சேர்ந்து வழிபடப் போவதும் கஷ்டமாகிவிட்டது. மதத்துக்கு எதிராக நின்ற அரசுக்கு அதுவும் வசதிதான். மனைவி ஆலையில், பிள்ளைகள் பள்ளியில், நான் மட்டும் வீட்டில் உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் விடுமுறையா என்று தொழிலாளர்கள் புலம்பினார்கள். 1931இல் எல்லாருக்கும் பொதுவான ஓய்வு நாள் உள்ள ஆறு நாள் சுற்றுக்கு மாறினார்கள். 1940இல் ஏழு நாள் வாரமும் ஞாயிறும் திரும்ப வந்தன.

இன்று நம்மை யாரும் நிறம் பிரிக்கவில்லை. ஒருவருக்கு இரவு ஷிப்ட், இன்னொருவருக்கு விடிகாலை ஏழு மணிக்கு வேறு நாட்டோடு போன் கால், பிள்ளைக்குச் சனிக்கிழமை வகுப்பு என்று அதே வேலையை நாமே செய்துகொள்கிறோம்.

சர்வதேச தொழிலாளர் அமைப்புக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 1921இல் தொழில்துறைக்காக அது கொண்டுவந்த வார ஓய்வு உடன்படிக்கை, வாரத்தில் குறைந்தது 24 மணி நேரம் தொடர்ச்சியாக ஓய்வு வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. முடிந்தவரை எல்லா ஊழியருக்கும் ஒரே சமயத்தில், அந்த நாட்டு மரபில் ஏற்கெனவே இருக்கிற ஓய்வு நாளில் அது வர வேண்டும் என்றும் சொல்கிறது. ஒப்பந்தம் எழுதும் வக்கீல்களுக்கே விளங்கிய விஷயம் இது.

கடவுள் புரிந்துகொள்வார், வீட்டிலும் புரிந்துகொள்வார்கள். மேனேஜர்தான் புரிந்துகொள்ள மாட்டார். அப்படியிருக்க வேலையை முதலில் பார்ப்பதில் என்ன தப்பு?

எனக்கு வருகிற கேள்விகளில் இதுதான் நேர்மையான கேள்வி. பெரும்பாலானோர் இதைக் கேட்காமலேயே இப்படித்தான் நடந்துகொள்கிறார்கள்.

தப்பு எங்கே என்றால், யார் பொறுமையாக இருக்கிறார்களோ அவர்களிடம் கடன் வாங்கி, யார் சத்தம் போடுகிறார்களோ அவர்களுக்குக் கொடுக்கிறோம். வேலைக்குக் குரல் இருக்கிறது. மெயில் வரும், போன் அடிக்கும், டெட்லைன் சிவப்பாக மின்னும், தாமதித்தால் அன்றே தெரிந்துவிடும். வழிபாட்டை விட்டால் யாரும் நினைவூட்டல் அனுப்ப மாட்டார்கள். அம்மாவுக்குப் போன் செய்யாமல் மூன்று வாரம் ஓடினால் அம்மா கோபித்துக்கொள்ள மாட்டார், "வேலை ஜாஸ்தியாப்பா?" என்று கேட்டு நமக்குப் பதிலையும் அவரே எடுத்துக் கொடுத்துவிடுவார்.

"புரிந்துகொள்வார்கள்" என்பது உண்மையும்கூட. புரிந்துகொண்டு என்ன செய்கிறார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. உங்களிடம் சொல்வதைக் குறைத்துக்கொள்கிறார்கள். அலுவலகத்தில் இன்று என்ன நடந்தது என்று உங்கள் துணை முன்பு சொல்லுவார், இப்போது சொல்வதில்லை. சண்டை ஏதும் இல்லை. சொன்னால் நீங்கள் "ம்... ம்..." என்று திரையைப் பார்த்துக்கொண்டே கேட்பீர்கள் என்று அவருக்குத் தெரியும், அதனால் தன் தோழியிடம் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார். வீடு அமைதியாக இருப்பதைப் பார்த்து எல்லாம் சரியாகப் போகிறது என்று நீங்கள் நினைத்துக்கொள்கிறீர்கள்.

சரி, அவசர வேலை வந்தால்? தாராளமாகப் போங்கள். அவசரம் என்பது எப்போதாவது வருவது. வாரத்துக்கு நான்கு தடவை வருவதற்கு வேறு பெயர் உண்டு, ஆள் பற்றாக்குறை.

வழிபாட்டு நேரம் வேலை நேரத்தில் வருகிறது. மேனேஜரிடம் எப்படிக் கேட்பது?

கேட்பதற்கு முன்னால் உங்கள் வழிபாட்டில் எது நகரும், எது நகராது என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள். பலர் இதைச் செய்யாமல் போய் "எனக்குத் தொழுகை இருக்கு", "எங்களுக்கு சபாத் இருக்கு" என்று மொட்டையாகச் சொல்கிறார்கள், எதிரே இருப்பவருக்கு ஒன்றும் விளங்குவதில்லை, பயந்துபோய் மறுத்துவிடுகிறார்.

உதாரணத்துக்கு, இஸ்லாத்தில் ஐந்து வேளைத் தொழுகை ஒவ்வொன்றுக்கும் ஒரு கால அளவு உண்டு. நண்பகல் தொழுகைக்குப் பிற்பகல் தொழுகை நேரம் தொடங்கும்வரை அவகாசம் இருக்கிறது, ஆகவே மீட்டிங்குக்கு முன்னாலோ பின்னாலோ வைத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை ஜும்மா அப்படி இல்லை, கூட்டாகத் தொழுவது, நகராது. யூதர்களின் வார ஓய்வு நாளான சபாத் வெள்ளி சூரிய அஸ்தமனத்தை ஒட்டித் தொடங்குகிறது, குளிர்காலத்தில் அஸ்தமனம் சீக்கிரம் வரும் ஊர்களில் வெள்ளிக்கிழமை பிற்பகலிலேயே கிளம்ப வேண்டியிருக்கும், கோடையில் அந்தப் பிரச்சினையே இருக்காது. ரமலான் ஆண்டுக்கு ஏறக்குறைய 10, 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும், எனவே அடுத்த வருடம் ஏறக்குறைய எப்போது என்பது இப்போதே தெரியும். இந்தத் தகவல்கள் மேனேஜருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

கேட்கும்போது வாயால் ஒருமுறை, எழுத்தில் ஒருமுறை. எழுத்து இப்படி இருந்தால் போதும்: "வெள்ளிக்கிழமைகளில் 12.45 முதல் 1.45 வரை கூட்டுத் தொழுகைக்குப் போய் வருகிறேன். அந்த நேரத்தை அன்று மாலை 6.15 வரை இருந்து ஈடு செய்துவிடுகிறேன். அவசரம் என்றால் இன்னாரைக் கூப்பிடலாம், அவரிடம் பேசிவிட்டேன்." இதில் மன்னிப்புக் கேட்கும் தொனியும் இல்லை, உரிமைப் போர் தொனியும் இல்லை. அந்தக் கடைசி வரிதான் காரியத்தைச் சாதிக்கும். மேனேஜருக்கு உங்கள் மதத்தோடு தகராறு இல்லை, அந்த ஒரு மணி நேரத்தில் ஏதாவது தன் தலையில் விழுமோ என்பதுதான் அவர் கவலை.

கூடவே, அதே நேரத்தில் உங்களுக்காக வேலை பார்க்கிற சக ஊழியருக்கு நீங்கள் என்ன திருப்பிச் செய்வீர்கள் என்பதையும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பண்டிகைக்கு அவர் நின்றால், அவர் பண்டிகைக்கு நீங்கள் நிற்க வேண்டும்.

மறுத்துவிட்டால்?

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் நாட்டில் என்ன என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி. அமெரிக்காவில் 1964 குடிமை உரிமைச் சட்டம் மத அனுசரிப்புக்கு, அதாவது ஊழியரின் வழிபாட்டுக்கு ஏற்ப வேலையை மாற்றித் தருவதற்கு, இடம் தருகிறது. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய மறுத்த ஓர் அஞ்சல் ஊழியரின் வழக்கில் 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கோரிக்கையை மறுக்கிற முதலாளி அதனால் தன் தொழிலுக்குக் கணிசமான சுமை ஏற்படும் என்று காட்ட வேண்டும் என்றது. சின்ன அசௌகரியம் என்று தட்டிக்கழிக்க முடியாது. உங்கள் நாட்டில் இப்படி ஏதும் இல்லையென்றாலும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். எழுத்தில் மறுக்கச் சொன்னால் பாதிப்பேர் மறுப்பதில்லை என்பது என் அனுபவம்.

எனக்கு ஷிப்ட் வேலை. விடுமுறை நாள் மாறிக்கொண்டே இருக்கும். பொது நாள் என்றெல்லாம் பேசினால் எங்கே போவேன்?

மருத்துவமனை, காவல், ரயில், மின்சாரம், கால் சென்டர். இவர்கள் இல்லாவிட்டால் மற்றவர்களுக்கு ஓய்வு நாளே கிடையாது, அதனால் முதலில் குற்ற உணர்ச்சியைத் தூக்கிப் போடுங்கள்.

மதங்களுக்கு உங்களைப் பற்றித் தெரியும். கி.பி. 321இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்று ஆணையிட்டபோதே, பருவம் தவறினால் பயிர் போய்விடும் என்று உழவர்களுக்கு விலக்குக் கொடுத்தார். உயிரைக் காப்பாற்றுவது சபாத்தை மீறி நிற்கும் என்பது யூதச் சட்டத்தில் உறுதியான விதி, ஆபத்தில் இருக்கிற நோயாளியை விட்டுவிட்டு ஓய்வெடுக்க அங்கே அனுமதியே இல்லை. கத்தோலிக்கர்கள் ஞாயிறு திருப்பலிக் கடமையைச் சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் நிறைவேற்றலாம். இஸ்லாம் பயணத்தில் இருப்பவருக்குத் தொழுகையைச் சுருக்கிக்கொள்ள இடம் கொடுக்கிறது. உங்கள் மரபில் இப்படி என்ன சலுகை இருக்கிறது என்று தெரிந்தவரிடம் போய்க் கேளுங்கள். இவ்வளவு சலுகை இருப்பதே தெரியாமல் வருடக் கணக்காக மனம் குமைகிறவர்கள் இருக்கிறார்கள்.

உறவு விஷயத்தில் கிழமையை மறந்துவிடுங்கள். ரோஸ்டர் (ஷிப்ட் அட்டவணை) வந்தவுடனே, அதே நாள், வீட்டில் இருக்கிற எல்லாருடைய காலண்டரோடும் வைத்துப் பார்த்து, எல்லாருக்கும் பொருந்துகிற இரண்டு மூன்று மணி நேரத்தை அடைத்து வையுங்கள். அது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியாக இருந்தாலும் பரவாயில்லை. ரோஸ்டர் வந்து நான்கு நாள் கழித்துப் பார்க்கலாம் என்று விட்டால் அந்த இடத்தில் பல் டாக்டர் வந்து உட்கார்ந்துவிடுவார்.

செய்யும் தொழிலே தெய்வம் என்கிறார்களே? வேலையை ஒழுங்காகச் செய்வதே வழிபாடு இல்லையா?

அழகான வாக்கியம், உண்மையும் அதில் இருக்கிறது, ஆனால் இதைச் சொல்கிறவர் யார் என்று பாருங்கள். ராத்திரி பத்து மணிக்கு ஊழியரிடம் முதலாளி சொன்னால் அதற்கு வேறு அர்த்தம்.

வேலையை வழிபாடாகப் பார்த்தவர்களின் நாள் எப்படி இருந்தது என்று கவனித்தால் விஷயம் தெளிவாகும். ஆறாம் நூற்றாண்டில் துறவி பெனடிக்ட் தன் மடங்களுக்கு ஒரு விதிநூல் எழுதினார். "ஜெபி, உழை" என்று அவர் பெயரில் சுற்றுகிற வாசகம் அந்த நூலில் இல்லை, பின்னால் வந்தது. நூலில் இருப்பது அதைவிடக் கறாரானது: உடலுழைப்புக்கு இத்தனை மணி, வாசிப்புக்கு இத்தனை மணி, ஜெபத்துக்கான அழைப்பு கேட்டதும் கையில் இருக்கும் வேலை எதுவானாலும் அப்படியே வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். உழைப்பை அவர் மதித்தார், சோம்பலை ஆன்மாவின் எதிரி என்றே எழுதினார், ஆனாலும் மணி அடித்தால் உழைப்பு நிற்க வேண்டும். குர்ஆனில் வெள்ளித் தொழுகை பற்றிய வசனங்களும் இதே வரிசையில்தான் போகின்றன. அழைப்பு வந்ததும் வியாபாரத்தை விட்டுவிட்டு வாருங்கள், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று இறைவனின் அருளைத் தேடுங்கள் என்கின்றன. வேலைக்குத் திரும்பிப் போகச் சொல்கிற வேதம், முதலில் அதை நிறுத்தச் சொல்கிறது.

ஆகவே என் பதில்: நிறுத்தத் தெரிந்தவருக்கு வேலை வழிபாடாகலாம். நிறுத்த முடியாத வேலை வேறு என்னவோ.

பலனை எதிர்பார்க்காமல் கடமையைச் செய் என்ற கீதையின் வழியையும் இங்கே இழுப்பார்கள். அதை அப்ரைசல் காலத்தில் முயன்று பாருங்கள், எவ்வளவு கஷ்டமான ஆன்மிகப் பயிற்சி என்று தெரியும். நாம் பெரும்பாலும் கடமையைச் செய்வது ரேட்டிங்குக்காக.

மனசுக்குள்ளேயே கும்பிட்டால் போதாதா? நேரம் ஒதுக்கித்தான் ஆக வேண்டுமா?

பூசலார் நாயனார் கதை தெரிந்திருக்கும். கையில் பொருள் இல்லை, சிவனுக்கு மனசுக்குள்ளேயே கோயில் கட்டினார். நேரம் இல்லாதவர்கள் எல்லாரும் அவரைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறோம். ஆனால் அந்த மனக்கோயிலை அவர் எப்படிக் கட்டினார்? மனத்திலேயே பொருள் சேர்த்து, தச்சர்களைத் தேடி, நல்ல நாள் பார்த்து அடித்தளம் போட்டு, இரவிலும் கண் துஞ்சாமல் கட்டி, குடமுழுக்குக்குத் தேதியும் குறித்தார். பல்லவ மன்னன் காஞ்சியில் கட்டிய கற்கோயிலுக்கும் அதே தேதி. சிவன் மன்னனின் கனவில் வந்து, நாளை அங்கே போகிறேன், உன் விழாவைத் தள்ளி வை என்றார் என்பது வரலாறு. மனக்கோயிலுக்கே நாள் குறித்தாகிவிட்டது. பஸ்ஸில் போகிறபோது மனசுக்குள் கும்பிடுங்கள், ரொம்ப நல்லது, அதற்கும் அந்த பஸ் என்று ஒரு இடம் குறித்துக்கொள்ளுங்கள்.

பிரார்த்தனையில் உட்கார்ந்தால் நாளைய மீட்டிங்தான் ஓடுகிறது.

எல்லாருக்கும் அப்படித்தான். பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு உட்காருங்கள், போன் வேண்டாம். நினைவுக்கு வந்ததை ஒரு வரி எழுதிவிட்டுத் திரும்புங்கள்.

வீட்டிலிருந்தே வேலை. எப்போது முடிகிறது என்றே தெரியவில்லை.

ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் மனத்தின் ஒரு பகுதி முதல் வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதியிருக்கிறார். வேலை பாதியில் நிற்கும்போது இந்த ஒட்டல் அதிகம். திரும்பி வந்ததும் எங்கிருந்து தொடங்குவேன் என்று குறித்துவைத்துவிட்டு எழுந்தால் ஒட்டல் குறைகிறது என்று பின்னால் வந்த அவரது ஆய்வு சொல்கிறது. அலுவலகத்திலிருந்து வீடு வருகிற ஒரு மணி நேரப் பயணம் இந்தப் பசையைக் கொஞ்சம் காய வைத்தது. இப்போது மேஜையிலிருந்து எழுந்து நான்கு அடி வைத்தால் சமையலறை, அங்கே நிற்கிறவரிடம் வாடிக்கையாளரிடம் பேசிய அதே குரலில் பேசிவிடுகிறோம்.

அதனால் லேப்டாப்பை மூடுவதற்கு முன் இரண்டு வரி எழுதுங்கள்: எங்கே நிறுத்தினேன், நாளை முதலில் எதைத் தொடுவேன். அப்புறம் பத்து நிமிடம் வெளியே நடந்துவிட்டு வீட்டுக்குள் வாருங்கள். வழிபடுகிறவர்கள் மாலை வழிபாட்டை இந்த இடத்தில் வைத்துக்கொண்டால் ரொம்பப் பொருத்தமாக இருக்கும், பொழுது சாய்கிற நேர வழிபாடு இல்லாத மதம் அபூர்வம்.

வேலை நேரம் முடிந்த பிறகு வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை பிரான்சில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 முதலும் சட்டத்தில் இருக்கிறது. உங்களுக்கு அந்தச் சட்டம் இல்லாவிட்டால், குழுவுக்குள் ஒரு பேச்சுவார்த்தையாவது வேண்டும்: உண்மையிலேயே அவசரம் என்றால் போன் செய்யுங்கள், மெசேஜ் என்றால் காலையில் பார்ப்பேன். பெரும்பாலும் போன் வராது. மெசேஜ் அனுப்ப வெட்கப்படாதவர்கள் போன் செய்ய யோசிப்பார்கள்.

"இதோ அஞ்சு நிமிஷம்" என்று சொல்வது தவறா?

தவறில்லை, அஞ்சு நிமிடத்தில் வந்தால்.

ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் புதுமணத் தம்பதிகளைக் கவனித்து, ஆறு வருடம் கழித்து அவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தார். ஒருவர் மற்றவரின் கவனத்தைக் கேட்கிற சின்னச் சின்னத் தருணங்களில், சேர்ந்து வாழ்ந்தவர்கள் 86 சதவீதம் திரும்பிப் பார்த்திருந்தார்கள், பிரிந்தவர்கள் 33 சதவீதம்தான். அவர் கணக்கில் எடுத்தது பெரிய பேச்சுகளை அல்ல. "அந்தப் பறவையைப் பாரேன்" என்பது மாதிரி ஒரு வரி, அதற்கு மற்றவர் தலையைத் தூக்கினாரா இல்லையா என்பது.

நம் வீட்டில் அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பிள்ளை ஒரு தாளை நீட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. "இதோ வரேன்" என்கிறோம், விரல் தட்டிக்கொண்டே இருக்கிறது. பிள்ளை அங்கேயே நிற்கிறது, தாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது, பிறகு அதை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறது. அரை மணி கழித்து நாம் பார்த்து "அட, சூப்பரா வரைஞ்சிருக்கியே" என்று கத்தினால் அடுத்த அறையிலிருந்து "ம்" என்று மட்டும் வரும். தலையைத் தூக்கி ஐந்து விநாடி பார்த்துவிட்டு "இதை முடிச்சிட்டு வந்து முழுசாப் பார்க்கிறேன்" என்று சொல்லியிருந்தால் வேலைக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

துணைக்கு என் நம்பிக்கை இல்லை. நான் வழிபாட்டுக்குச் செலவிடும் நேரம் தன்னிடமிருந்து பறித்தது என்று நினைக்கிறார்.

பல வீடுகளில் அவர் நினைப்பது சரி என்றே சொல்வேன். நீங்கள் காலையில் முக்கால் மணி நேரம் தியானத்தில் அமர்ந்திருக்கும்போது பிள்ளைகளை எழுப்பி, குளிப்பாட்டி, காலணி தேடிக் கொடுப்பது யார்? வார இறுதியில் நீங்கள் பிரார்த்தனைக் கூட்டத்தில் இருக்கும்போது வயதான பெரியவரைப் பார்த்துக்கொள்வது யார்? ஒருவருடைய பக்திக்கான செலவை இன்னொருவர் கட்டுகிறார், கட்டுகிறவருக்கு நன்றிகூடக் கிடைப்பதில்லை. இதற்குத் தீர்வு நேரடியானது. நீங்கள் எடுக்கிற முக்கால் மணி நேரத்துக்கு ஈடாக அவருக்கென்று, அவர் விருப்பப்படி, கேள்வி கேட்காத முக்கால் மணி நேரம் இருக்க வேண்டும். அவர் அதில் தூங்கினாலும் சரி, நடந்தாலும் சரி, சீரியல் பார்த்தாலும் சரி. இதைச் செய்த பிறகும் எதிர்ப்பு இருந்தால் அது நம்பிக்கை பற்றிய வேறுபாடு, உட்கார்ந்து பேச வேண்டியது. செய்வதற்கு முன்னால் அதை நம்பிக்கைச் சண்டையாக ஆக்காதீர்கள்.

வழிபாட்டுத் தலத்தில் பொறுப்புகள் கூடிக்கொண்டே போகின்றன. இல்லை என்று சொல்ல முடியவில்லை.

கமிட்டி, பாடகர் குழு, கணக்கு வழக்கு, விழா ஏற்பாடு, வாட்ஸ்அப் குழு நிர்வாகம். திறமையாக வேலை செய்கிறவர்களைத் தேடிப் பிடித்து மேலும் வேலை கொடுப்பதில் வழிபாட்டுத் தலங்கள் எந்த நிறுவனத்துக்கும் சளைத்தவை அல்ல. "கடவுள் காரியம்" என்பதால் மறுப்பது இரட்டிப்புக் கஷ்டம், மறுத்தால் உங்களுக்கே உறுத்தும். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: கடைசியாக அங்கே போய் வேலை எதுவும் இல்லாமல் சும்மா உட்கார்ந்து வழிபட்டது எப்போது? ஞாபகம் வரவில்லையென்றால் உங்களுக்கு இரண்டாவது வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம் இல்லாமல். ஒரு பொறுப்பை வைத்துக்கொண்டு மற்றதை ஒப்படையுங்கள். இளையவர் யாராவது காத்துக்கொண்டிருப்பார், நீங்கள் இருக்கும்வரை அவரை யாரும் கேட்கப் போவதில்லை.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. "உனக்கென்ன குடும்பமா குட்டியா, நீ இரு" என்று லேட் நைட் வேலை எல்லாம் என் தலையில்தான்.

இது அநியாயம், அநியாயம் என்றே சொல்லிவிடுங்கள். தனியாக வாழ்கிறவருக்கு நண்பர்களும் பெற்றோரும் வழிபாட்டுக் குழுவும்தான் குடும்பம், வீட்டுக்குள் யாரும் காத்திருக்காததால் அவர்களை நீங்களே தேடிப் போக வேண்டும், அதற்கு உண்மையில் மற்றவர்களைவிட அதிக நேரம் தேவை. ஆனால் காரணம் கேட்டால் "ஃப்ரெண்டைப் பார்க்கணும்" என்பது "பிள்ளைக்கு உடம்பு சரியில்லை" அளவுக்கு எடுபடாது. அதனால் காரணமே சொல்ல வேண்டாம். "இன்று 6 மணிக்கு மேல் இருக்க முடியாது, வேறு இடத்தில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்." அவ்வளவுதான். என்ன இடம் என்று கேட்டால் சிரித்துக்கொண்டே கிளம்புங்கள்.

இந்த வேலையையே விட்டுவிடலாமா?

வீட்டுக் கடன், சம்பளம், குடும்பச் சூழல் எதுவும் தெரியாமல் யாரும் உங்களுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லக் கூடாது, துணிச்சலாகச் சொல்கிறவர்களிடமிருந்து தள்ளியே இருங்கள். ஒரு எண்ணை மட்டும் மனத்தில் வையுங்கள். உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுப்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம், ரத்தக் குழாய் அடைப்பால் வரும் இதய நோயில் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். நீங்கள் அந்தக் கோட்டுக்கு மேலே எவ்வளவு காலமாக இருக்கிறீர்கள்? சில மாதம் என்றால் பொறுத்துப் பார்க்கலாம். வருடங்கள் என்றால், விடுவதா வேண்டாமா என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு வேறு வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். விண்ணப்பிப்பது யாரையும் கட்டிப்போடாது. அதே நிறுவனத்தில் வேறு குழுவுக்கு மாறுவதையும் பாருங்கள், பல சமயம் பிரச்சினை நிறுவனத்தில் இருக்காது, ஒரே ஒரு மேலாளரிடம் இருக்கும்.

இந்த முடிவைத் தனியாக எடுத்துவிட்டு வீட்டில் அறிவிப்பது மட்டும் வேண்டாம்.

கொஞ்ச நாள் நன்றாகப் போகிறது, அப்புறம் ஒரு பெரிய புராஜெக்ட் டெலிவரி வந்தால் எல்லாம் குலைந்துவிடுகிறது. மறுபடி ஆரம்பிக்கவே சலிப்பாக இருக்கிறது.

குலையும். எந்த ஏற்பாடும் குலையாமல் வருடம் முழுக்க ஓடாது, வேலையில் பருவங்கள் உண்டு. தூங்கிப்போனதாலோ மறந்ததாலோ விட்டுப்போன தொழுகையை நினைவு வந்ததும் நிறைவேற்ற வேண்டும் என்று இஸ்லாத்தில் இருக்கிறது. தவறும் என்று தெரிந்துதான் அந்த ஏற்பாட்டையே வைத்திருக்கிறார்கள். விட்டுப்போன எல்லாவற்றையும் ஒரே வார இறுதியில் ஈடுகட்டப் பார்க்காதீர்கள், அது வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: மூன்று மாதம் காணாமல் போனவர் திடீரென்று வந்து எல்லாரையும் வெளியூர் கிளம்பச் சொல்கிறார்.

நெருக்கடி தொடங்குவதற்கு முன்பே அது எப்போது முடியும் என்று வீட்டில் சொல்லுங்கள். அந்தக் காலத்திலும் விடாத ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், படுக்கும் முன் இரண்டு நிமிடப் பிரார்த்தனையோ, வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாடு சேர்ந்து சாப்பிடுவதோ, அவ்வளவு சின்னதாக இருந்தால் போதும். டெலிவரி முடிந்த அடுத்த வாரத்தில் ஒரு சாயங்காலத்தை இப்போதே குறித்து, அந்தத் தேதியைத் துணையிடம் சொல்லிவிடுங்கள். டெலிவரி தள்ளிப்போனால், தள்ளிப்போனது தெரிந்த அன்றைக்கே நீங்களாகப் போய்ப் புதுத் தேதியைச் சொல்லுங்கள், அவர் கேட்கிறவரை காத்திருக்க வேண்டாம்.